விலமேங்க்: ஆசிரியரே இல்லை என்றவரின் ஆசிரியர்கள்

ஓவியக் கல்லூரி வாசலை மிதிக்காமல் தானாகவே வரையக் கற்ற, கண்ட காட்சியைவிட உள்ளுணர்ச்சியைத் தீட்டும் பிரெஞ்சு எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் ஒருவரின் வாழ்க்கையையும் படைப்பையும் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகங்கள். அப்படிப்பட்டவர் உண்மையிலேயே யாரிடமும் கற்கவில்லையா? இத்தகைய ஓவியர்களின் முற்காலப் படைப்புகளை மட்டும் எல்லோரும் கொண்டாடிவிட்டுப் பிற்காலத்தைப் பற்றிப் பேசாமல் நழுவுவது ஏன்?

தானாகவே கற்ற பிரெஞ்சு ஓவியர்கள் பலர் உண்டு. ஓவியர்களுக்கு மாடலாக நின்றபடியே அவர்கள் வேலை செய்வதைக் கவனித்துக் கற்ற சூசான் வலதோன் இருக்கிறார். சுங்கச்சாவடி ஊழியர் ஆன்றி ரூசோ இருக்கிறார். ஆனால் 'எனக்கு ஆசிரியர் கிடையாது' என்பதை வாழ்நாள் முழுக்க மார்தட்டிச் சொல்லி, அதையே கலைக்கொள்கையாகவும் ஆக்கிக்கொண்டவர் மொரீஸ் து விலமேங்க். அந்த மார்தட்டலில் பாதி உண்மை, பாதி வேஷம். உங்கள் இரண்டு சந்தேகங்களுக்கும் விடை அந்த வேஷத்துக்குள்தான் இருக்கிறது என்பதால் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

1876 ஏப்ரல் 4 அன்று பாரிஸின் மையச் சந்தை இருந்த லே ஆல் பகுதியில் பிறந்தார். தந்தை பிளெமிஷ் வம்சாவளியினர், வயலின் ஆசிரியர். தாய் பியானோ வாசிப்பவர். வீட்டில் சங்கீதம் நிறைய இருந்தது, காசுதான் இல்லை. மூன்று வயதில் குடும்பம் பாரிஸுக்கு மேற்கே லு வேசினே என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு வயதளவில் அவர் பக்கத்து ஊரான ஷாத்துவுக்கு வந்துவிட்டார். சேன் நதி வளைந்து போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸ்காரர்கள் ரயிலேறி வந்து படகு விட்டு, குடித்து, ஆடிவிட்டுப் போவார்கள். நதியின் நடுவே உள்ள தீவில்தான் ஓவியர் ரெனுவார் தன் புகழ்பெற்ற படகுக்காரர்களின் விருந்து ஓவியத்தைத் தீட்டினார்.

இளைஞர் விலமேங்க் ஆஜானுபாகு. செந்நிற முடி, உரத்த குரல். படகு வலிப்பார், சைக்கிள் பந்தயங்களில் ஓடிப் பரிசுப்பணம் சம்பாதிப்பார். பதினெட்டு வயதில் திருமணம்; சீக்கிரமே குழந்தைகள். 1896-இல் வந்த டைஃபாய்டு காய்ச்சல் பந்தய வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிறகு கட்டாய ராணுவ சேவை. அதை முடித்தபின் குடும்பத்தைக் காப்பாற்றியது வயலின்தான். வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுத்தார். இரவில் பாரிஸ் கேளிக்கை விடுதிகளின் வாத்தியக் குழுக்களில் வாசித்தார். இடையே சற்று ஆபாசம் கலந்த நாவல்களும் எழுதினார். அரசே வேண்டாம் என்னும் அனார்க்கிஸ்டுகளின் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் எழுதினார்.

இதில் எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும் ஒரு முரண் உண்டு. வயலின் என்பது குரு இல்லாமல் வராத வித்தை. வில்லைப் பிடிப்பது முதல் ஸ்வர வரிசை வரை ஒருவர் உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். பகலெல்லாம் அந்தக் கண்டிப்பைப் பிள்ளைகள் மீது திணித்துக் கூலி வாங்கிய மனிதர்தான், ஓவியத்தில் மட்டும் பாடமே வேண்டாம் என்றார். பாடம் என்றால் என்ன என்று தெரியாமல் மறுத்தவர் அல்லர் அவர். நன்றாகத் தெரிந்து, சலித்துப்போய் மறுத்தவர். பிழைப்புக்கு வயலின், சுதந்திரத்துக்கு ஓவியம் என்று மனத்துக்குள் பிரித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, ஓவியத்தில் சுத்தமாக ஒன்றும் கற்கவில்லையா? லு வேசினேயில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் கண்ணாடியில் படம் தீட்டுவார். சிறுவயதில் அதைப் பார்த்து ரசித்ததை விலமேங்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஷாத்துவில் ஆன்றி ரிகலோன் என்ற ஓவியரோடு கொஞ்ச காலம் தீட்டியிருக்கிறார். அவ்வளவுதான். நுண்கலைக் கல்லூரி, நுழைவுத்தேர்வு, பிளாஸ்டர் சிலையைப் பார்த்து வரையும் பயிற்சி எதுவும் கிடையாது. அந்த மட்டில் அவர் சொன்னது உண்மை.

ஆனால் ஆசிரியர்கள் வேறு வழியில் வந்தார்கள்.

முதலாமவர் ஓவியர் ஆந்த்ரே தெரேன். 1900 கோடையில் பாரிஸுக்கும் ஷாத்துவுக்கும் இடையே ஓடிய ரயில் தடம் புரண்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஒரே ஊரில் இருந்து முகம் மட்டும் தெரிந்திருந்த இரண்டு பேர் அன்று பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். தெரேன் நான்கு வயது இளையவர். தந்தை ஷாத்துவில் இனிப்புக் கடை வைத்து வசதியாக இருந்தவர், நகராட்சி உறுப்பினரும்கூட. மகனை எஞ்சினியர் ஆக்க நினைத்திருந்தார். தெரேனோ பாரிஸில் ஓவிய வகுப்புக்குப் போனார். லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்தார், தத்துவம் படித்தார். இந்த இருவரும் சேர்ந்து ஷாத்துத் தீவில் மூடிக் கிடந்த லெவனேர் உணவகத்தை வாடகைக்குப் பிடித்து, ஓவியக் கூடமாக்கிக்கொண்டார்கள். வசதியான வீட்டுப் பையனைக் கெடுக்கிறான் என்று தெரேனின் பெற்றோருக்கு விலமேங்கைக் கண்டாலே ஆகாது.

அடுத்த ஆண்டே தெரேன் ராணுவ சேவைக்குப் போக வேண்டியிருந்தது. 1904 வரை அங்கேதான். அந்த ஆண்டுகளில் முகாமிலிருந்து அவர் விலமேங்குக்கு எழுதிய கடிதங்கள் 1955-இல் நூலாக வந்தன. ஓவியம் எதற்காக, கோடும் நிறமும் எதைச் சொல்ல வேண்டும், பழைய ஓவியர்களிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றெல்லாம் பேசும் கடிதங்கள் அவை. 1905 கோடையில் தெற்கே கடலோரக் கொலியூரில் ஓவியர் ஆன்றி மத்தீஸோடு சேர்ந்து தீட்டிக்கொண்டிருந்தபோதும் எழுதினார். ஒளியைப் பற்றிய தன் எண்ணமே மாறிவிட்டது என்றும், நிழல் என்ற ஒன்றையே மறுப்பதுதான் புதிய வழி என்றும் அதில் சொல்கிறார். அதாவது நிழலைக் கறுப்பாலும் பழுப்பாலும் காட்டாதே, நிழலுக்கும் சொந்தமாக ஒரு நிறம் உண்டு. இதைவிடப் பெரிய பாடத்தை எந்தக் கல்லூரியில் கொடுத்திருப்பார்கள்? மேற்படிப்பு தபாலில் வந்தது. மாணவர் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஆசிரியர் அதற்குள் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1901 மார்ச்சில் பாரிஸின் பெர்னைம் ழன் கூடத்தில் வின்சென்ட் வான்கோவின் பெரிய கண்காட்சி நடந்தது. விலமேங்க் போனார், நிலைகுலைந்தார். அன்று தன் தந்தையைவிட வான்கோவை அதிகம் நேசித்ததாகப் பிறகு எழுதினார். அங்கேதான் தெரேன் அவரை மத்தீஸுக்கு அறிமுகப்படுத்தினார். மத்தீஸின் நினைவில் பதிந்த காட்சி இது: தெரேனுக்குப் பக்கத்தில் ராட்சத உருவத்தில் ஒருவர் நின்றுகொண்டு, சுத்தமான கோபால்ட் நீலம், சுத்தமான வெர்மிலியன் சிவப்பு, சுத்தமான வெரோனீஸ் பச்சை, இவற்றை வைத்துத்தான் தீட்ட வேண்டும் என்று அதிகாரமாக முழங்கிக்கொண்டிருந்தார்.

வேலைமுறையின் சாரமும் அந்த முழக்கத்திலேயே இருக்கிறது. வழக்கமான ஓவியர் தட்டில் நிறங்களைக் கலப்பார். எண்ணெய் வண்ணங்களைக் கலக்கக் கலக்க ஒளிர்வு குறையும். மூன்று நான்கு சேர்ந்தால் மண் நிறத்துக்கு இறங்கிவிடும். விலமேங்க் குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைக் கலக்காமல், பல நேரம் அப்படியே துணியில் அப்பினார். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம் என்று எதிர்நிறங்களை மோதவிட்டார். ஒன்றின் அருகாமை மற்றதைத் தூக்கிக் காட்டும். இடையிடையே மூடாத துணி வெள்ளையாகத் தெரியும். அது வண்ணங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும்.

1905 வாக்கில் தீட்டிய 'பூஜிவாலின் லா மஷீன் உணவகம்' ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெர்சாய் அரண்மனைத் தோட்டங்களுக்குச் சேன் நதித் தண்ணீரை ஏற்ற 14-ஆம் லூயி அமைத்த ராட்சத நீரேற்று இயந்திரத்தால்தான் அந்த இடத்துக்கு 'மஷீன்' என்று பெயர். படத்தில் இயந்திரமும் இல்லை, ஆட்களும் இல்லை. புறநகரின் சாதாரண இடம், சில கட்டடங்கள், மரங்கள். ஆனால் தரை மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகிக்கிறது. மரத்தண்டில் சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக ஏறுகின்றன. ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியாகத் தெரிகிறது. தூரிகை எந்தத் திசையில் போனது, எங்கே அழுத்தியது, எங்கே எடுத்தது என்று விரலால் தொடரலாம். கொலியூரின் மத்தியதரைக் கடல் வெயில் இங்கே கிடையாது. மேகம் மூடிய பாரிஸ் புறநகர் இது. வெயில் இல்லாத ஊரில் வெயிலைக் குழாயிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

பலரும் கவனிக்காத ஒன்று: நிறத்தில் இவ்வளவு கலகம் செய்பவர் அமைப்பில் மகா சாது. சாலை ஒழுங்காகத் தூரத்துக்குப் போகிறது. வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. வானம் மேலே, தரை கீழே. மத்தீஸ் அதே ஆண்டுகளில் படத்தின் ஆழத்தையே கலைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விலமேங்க் அந்த வேலைக்கே போகவில்லை. பழகிய நிலக்காட்சியின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மீது தீயை மூட்டினார். எலும்புக்கூடு உறுதியாக இருப்பதால்தான் அத்தனை சூட்டிலும் படம் சரிந்துவிடாமல் நிற்கிறது. பலமும் அதுதான், பிற்காலத்தில் காலை வாரிவிட்டதும் அதுதான்.

1905 இலையுதிர்காலத்தில் பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் சலோன் தோத்தோன் கண்காட்சி. மத்தீஸ், தெரேன், விலமேங்க் உள்ளிட்டவர்களின் படங்கள் ஒரே அறையில். நடுவில் ஆல்பேர் மார்க் செய்த, மறுமலர்ச்சிக் காலச் சாயல் கொண்ட அடக்கமான சிற்பம். விமர்சகர் லூயி வோசெல் அதைப் பார்த்து, காட்டு விலங்குகளுக்கு (பிரெஞ்சில் 'ஃபோவ்') நடுவே மறுமலர்ச்சிக் காலச் சிற்பி தொனத்தெல்லோ மாட்டிக்கொண்டதைப் போல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது, ஃபாவிசம் பிறந்தது. இயக்கத்தின் மூளை மத்தீஸ். ஆனால் அந்தப் பெயருக்கு உடம்பிலும் குணத்திலும் பொருத்தமானவர் விலமேங்க்தான், அவருக்கும் அது தெரியும். என் கோபால்ட்டையும் வெர்மிலியனையும் கொண்டு நுண்கலைக் கல்லூரியைக் கொளுத்த ஆசைப்பட்டேன் என்று எழுதியவர் அவர். அருங்காட்சியகங்களுக்கு நாற்றம் உண்டு என்பார். வண்ணம் பூசிய மரத்துண்டை டையாகக் கட்டிக்கொண்டு திரிவார். கவிஞர் அப்போலினேர் அந்த டையைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார்.

1906-இல் வணிகர் அம்ப்ருவாஸ் வோலார் வந்து விலமேங்கின் கூடத்தில் இருந்த படங்களை மொத்தமாக வாங்கினார். முப்பது வயதில் வயலின் பாடங்களிலிருந்து விடுதலை. 1907-இல் பாரிஸில் ஓவியக் கடை திறந்த இளம் ஜெர்மானியர் கான்வைலர் முதலில் படம் வாங்கிய ஓவியர்களின் வரிசையிலும் தெரேனும் விலமேங்கும் இருந்தார்கள்.

எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று அவரை அழைக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள்; அது ஜெர்மானியர்களுக்கு உரிய பட்டம் அல்லவா என்பார்கள். 1911-இல் பெர்லின் செசெஷன் என்ற ஓவியர் அமைப்பின் கண்காட்சியில் பிரெஞ்சு இளைஞர்களுக்குத் தனி அறை ஒதுக்கினார்கள். பிராக், தெரேன், வான் டோங்கன், பிக்காசோ, விலமேங்க் ஆகியோரின் படங்கள் அதில் இருந்தன. அந்த அறைக்கு அட்டவணையில் கொடுத்திருந்த தலைப்பே 'எக்ஸ்பிரஷனிஸ்டுகள்'. ஜெர்மனியின் சொந்த ஓவியர்களுக்கு அந்தப் பட்டம் நிலைப்பதற்கு முன்பே பாரிஸ்காரர்கள் மேல் அது விழுந்துவிட்டது. கண் பார்த்ததை அல்லாமல் உடம்பு உணர்ந்ததைத் தீட்டுவது என்று பொருள் கொண்டால், விலமேங்குக்கு அது ஃபாவிசத்தைவிடவும் நெருக்கமாகப் பொருந்துகிறது. இதயத்தாலும் இடுப்பாலும் தீட்டுகிறேன், பாணியைப் பற்றிக் கவலையில்லை என்றவர் வேறு எதுவாக இருக்க முடியும்?

ஆப்பிரிக்க முகமூடி விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அர்ஜான்தேய் ஊர்ச் சாராயக் கடையில் புட்டிகளுக்கு நடுவே இருந்த ஆப்பிரிக்கச் சிலைகளைக் கண்டு, அங்கிருந்தவர்களுக்கு ஒரு சுற்று மது வாங்கிக் கொடுத்து அவற்றைப் பெற்றதாக விலமேங்க் எழுதினார். பிறகு தந்தையின் நண்பர் ஒருவரிடமிருந்து பெரிய வெள்ளை முகமூடி கிடைத்தது. காபோன் பகுதி ஃபாங் மக்களின் முகமூடி அது. தெரேன் அதைப் பார்த்து வாயடைத்துப்போய் 20 பிராங்க் தருவதாகச் சொன்னார். விலமேங்க் மறுத்தார். ஒரு வாரத்தில் 50 பிராங்க் என்றதும் கொடுத்துவிட்டார். தெரேனின் சுவரில் அதைப் பார்த்துத்தான் பிக்காசோவும் மத்தீஸும் வியந்தார்கள் என்பது விலமேங்கின் கதை. நவீன ஓவியத்துக்கு ஆப்பிரிக்காவைக் கொண்டுவந்தது நான்தான் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டார். அவர் கொடுத்த தேதிகளை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கையில் முதலில் கிடைத்தவர் அவர். ஆனால் அதிலிருந்து ஓவியத்துக்கு ஏதாவது எடுத்துக்கொண்டாரா? பெரிதாக ஒன்றுமில்லை. பிக்காசோ அதே வகைச் சிற்பங்களிலிருந்து முகத்தின் அமைப்பையே மாற்றும் துணிச்சலைப் பெற்றார். விலமேங்குக்கு அது வியப்பாக மட்டும் நின்றுவிட்டது.

1907-இல் ஓவியர் செசானின் நினைவுக் கண்காட்சி நடந்தது. செசான் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். பாரிஸின் இளம் ஓவியர்கள் எல்லோரையும் அது புரட்டிப் போட்டது. நிறத்தை மட்டும் நம்பினால் போதாது, கட்டமைப்பு வேண்டும் என்ற எண்ணம் விலமேங்கையும் பிடித்துக்கொண்டது. சிவப்பும் மஞ்சளும் மெல்ல விலகின; நீலம், பச்சை, காவி வந்தன. வீடுகள் கனசதுரங்களாக இறுகின. சுத்த வண்ணத்தால் போகக்கூடிய எல்லைக்குப் போய்விட்டேன், அதற்கு மேல் வழியில்லை என்று அவரே உணர்ந்தார். 1908 முதல் முதல் உலகப் போர் வரையிலான இந்தப் படங்களைக் கண்காட்சிகளில் பொதுவாகக் கடந்து போய்விடுகிறார்கள். அவற்றில் சில மிக நல்ல படங்கள். மூன்றாவது ஆசிரியரிடம் பணிந்து படித்த காலம் என்பேன். ஆனால் செசானின் வழியிலேயே மேலும் போனவர்கள், உருவங்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசத்துக்கு வந்து சேர்ந்தபோது விலமேங்க் வாசலோடு திரும்பிவிட்டார். அது மூளையின் வேலை, கணிதம், ஏமாற்று என்றார். அன்று தொடங்கிய பகை கடைசிவரை தீரவில்லை.

போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலை. போர் முடிந்ததும் 1919-இல் துரூவே கூடத்தில் கண்காட்சி, நல்ல விற்பனை. பாரிஸை விட்டு வெளியேறி வால்மோந்துவாவில் குடியேறினார். வான்கோ உயிர்விட்ட ஓவேர் கிராமத்துக்குப் பக்கத்து ஊர் அது. 1925-இல் இன்னும் தூரமாக, நார்மண்டி எல்லையோரம் ருயேல் லா கதெலியேர் என்ற சிற்றூரில் லா தூரியேர் என்ற பண்ணைவீட்டை வாங்கினார். இரண்டாம் மனைவி பெர்த், இரண்டு மகள்கள், வேகமான கார்கள். 1958 அக்டோபர் 11 அன்று தன் 82-ஆம் வயதில் இறக்கும்வரை அதுவே வீடு.

இந்த நீண்ட பிற்காலம்தான் உங்கள் இரண்டாவது கேள்வி. பனி மூடிய கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் வீடுகள். கருநீல வானம், கிழிந்து தொங்கும் மேகம். வெள்ளை வண்ணத்தைக் கத்தியால் வழித்துத் தடவிய பனி, அதில் சக்கரத் தடம். எப்போதாவது ஒரு கறுப்பு உருவம். இதே காட்சியை அவர் நூற்றுக்கணக்கில் தீட்டினார். நன்றாக விற்றது. விற்றதால் இன்னும் தீட்டினார்.

அவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது அநியாயம். நல்லவற்றில் கார் ஓட்டுபவரின் பார்வை இருக்கிறது. சாலை படத்தின் அடியிலிருந்து பாய்ந்து நடுவில் குத்திட்டு நிற்கிறது. பக்கவாட்டு வீடுகள் வழுக்கிக்கொண்டு பின்னால் போகின்றன. வேகத்தைப் பற்றி, இயந்திர யுகத்தைப் போற்றிய இத்தாலிய ஃபியூச்சரிஸ்ட் ஓவியர்கள் அறிக்கை அறிக்கையாக எழுதினார்கள். விலமேங்க் பேசாமல் காரில் போய்விட்டு வந்து தீட்டினார். போரைப் பார்த்த தலைமுறையின் அச்சம் அந்த வானத்தில் தெரிகிறது. எக்ஸ்பிரஷனிஸ்ட் என்ற பெயரை முழுமையாகச் சம்பாதித்தது இந்தப் படங்கள்தான்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் புயல் பழகிவிடுகிறது. முற்காலத்தில் சட்டகம் பழையது, நிறம் புதியது. பிற்காலத்தில் சட்டகமும் நிறமும் இரண்டுமே பழகிப்போனவை. உணர்ச்சி மட்டும் ஒவ்வொரு முறையும் உச்ச ஸ்தாயியில். என் கணிப்பில் காரணம் எளிது. தெரேனோடு நட்பு தளர்ந்துவிட்டது. மத்தீஸ் தெற்கே போய்விட்டார். பிக்காசோவோடு பகை. மறுத்துப் பேச, கடிதம் எழுத, 'இதை நேற்றே செய்துவிட்டாய்' என்று சொல்ல, பக்கத்தில் யாரும் இல்லை. கல்லூரிக்குப் போகாதவருக்குச் சக ஓவியர்கள்தான் கல்லூரி. விலமேங்க் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தத் தனிமை அவரை அசிங்கமான இடத்துக்கும் கொண்டுபோனது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1937-இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து 'சீரழிந்த கலை' என்று நவீன ஓவியங்களைப் பறிமுதல் செய்தபோது விலமேங்கின் படங்களும் அதில் அகப்பட்டன. 1939 ஜூனில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் அவற்றை விற்க நடத்திய ஏலத்தில் வான்கோ, மத்தீஸ், பிக்காசோ படங்களோடு அவர் படமும் ஏலத்துக்கு வந்தது. இதெல்லாம் நடந்த பிறகும், 1941-இல், பிரான்ஸ் ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது, நாஜிகள் ஏற்பாடு செய்த பிரசாரப் பயணத்தில் தெரேன், வான் டோங்கன் முதலியவர்களோடு ஜெர்மனி போய்வந்தார். 1942 ஜூனில் 'கொமேதியா' பத்திரிகையில் பிக்காசோவைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். பிரெஞ்சு ஓவியத்தை முட்டுச்சந்துக்கு இழுத்துச் சென்றவர் என்று பழி சொன்னார். பிக்காசோ அப்போது அதே பாரிஸில், கண்காட்சி வைக்கத் தடை இருந்த நிலையில், எப்போது வேண்டுமானாலும் கைதாகலாம் என்று வாழ்ந்துகொண்டிருந்தார். கியூபிசத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. எதிராளியின் வாயை ஆக்கிரமிப்புப் படை கட்டியிருக்கும் நேரத்தில் சொல்வது வேறு வகை. ஓவியர் ஆந்த்ரே லோத் அடுத்த வாரமே அதே பத்திரிகையில் பதில் எழுதினார். அந்தச் சூழலில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

1944-இல் பாரிஸ் விடுதலையானதும் நடந்த சலோன் தோத்தோனில் பிக்காசோவுக்குத் தனி அறை கொடுத்துக் கௌரவித்தார்கள். விலமேங்குக்கு இடமில்லை. அனார்க்கிஸ்டாகத் தொடங்கிய மனிதர் இப்படி முடிந்தது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய தத்துவ மாற்றம் ஏதும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாரிஸ் அறிவுஜீவிகள், கோட்பாடுகள், கலை வணிகர்கள் என்று இளமையிலேயே அவருக்கு எரிச்சல் உண்டு. இளமையில் அது கலகமாக வெளிப்பட்டது, முதுமையில் வன்மமாக. 'நான் மண்ணின் மனிதன், எனக்கு யாரும் கற்பிக்கவில்லை' என்ற வேஷம் அந்தக் காலத்து அரசியலுக்கு வசதியாகப் பொருந்திவிட்டது.

சந்தை இந்தக் கணக்கை எல்லாம் தனியாக வைத்திருக்கிறது. 1905-இல் தீட்டிய புறநகர் நிலக்காட்சி ஒன்று 2011-இல் நியூயார்க் ஏலத்தில் 2 கோடி டாலருக்கும் மேல் போனது. பிற்காலப் பனிச்சாலைப் படங்கள் அதன் மிகச் சிறு பகுதி விலைக்குத்தான் போகின்றன. விலையை வைத்துக் கலையை அளக்கக் கூடாது என்றாலும், இந்த விஷயத்தில் சந்தையின் தீர்ப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. 1904 முதல் 1907 வரை நான்கே ஆண்டுகள். அதில் தீட்டியதை வேறு யாராலும் தீட்டியிருக்க முடியாது.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால்: பூஜிவால் உணவக ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தில் வான்கோவின் ஓவேர் தேவாலய ஓவியமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் தீற்றல்களை ஒப்பிடுங்கள். 1906-இன் சிவப்பு மரங்கள் படமும், 1900-இல் தீட்டிய பூழு கிழவரின் உருவப்படமும் பொம்பிது மையத்தின் சேகரிப்பில் உள்ளன. அந்தக் கட்டடம் புதுப்பிப்புப் பணிக்காக 2025-இல் மூடப்பட்டு 2030-இல்தான் திறக்க இருக்கிறது. எனவே அவை வேறு எங்காவது கடனுக்குப் போயிருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வேலை எளிது: நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் ஷாத்துவின் சேன் நதி, வாஷிங்டன் தேசியக் கூடத்தில் இழுவைப் படகு, சிகாகோவில் ஷாத்து வீடுகள். ஷாத்துவுக்கே போக நினைத்தால் பாரிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் சேரலாம். தீவில் லெவனேர் கட்டடம் இன்னும் நிற்கிறது, பக்கத்திலேயே ரெனுவார் தீட்டிய உணவகமும்.